தொலைகாட்டியில் ஒரு வெண்புகை

மாரிமழை சற்று ஓய்ந்திருந்த ஒரு கார்த்திகை மாதத்து அமாவாசை இரவு. எங்கள் பாடசாலை மைதானத்தில் மாணவர் நாற்பது பேர் வரிசையாக நின்றனர். விஞ்ஞான ஆசிரியர் இரவலாகப் பெற்றுவந்த சிறியதொரு தொலைகாட்டி அவர்கள் முன்னே நிறுத்தப்பட்டிருந்தது. நான் கலைத்துறையில் பட்டம் பெற்றவன். இலக்கியம் கற்பித்தே தலை நரைத்தவன். வானியல் நான் முறையாகக் கற்ற துறையன்று. அன்றிரவு நான் கற்ற பாடத்தையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஆசிரியர் கிழக்கு வானில் எழுந்திருந்த கார்த்திகையைக் காட்டினார். முழுமதி அந்த மீன் கூட்டத்தின் அருகே நிற்கும் மாதமாதலின் மாதத்துக்கும் அதன் பெயரே வாய்த்தது. வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்களே தெரிவதால் முன்னோர் அதனை அறுமீன் என்றும் அழைத்தனர். 1610ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றிலே, அவற்றின் அருகே கண்ணுக்குப் புலப்படாத மீன்கள் நாற்பதுக்கும் மேல் உள்ளன என்று கலிலியோ எழுதினார். தாமே செய்த தொலைகாட்டியினால் அவர் அவற்றைக் கண்டார். அக்கூட்டத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான விண்மீன்கள் உண்டு என்பதை இன்று அறிவோம். கரிய பட்டிலே சிந்திய நீலமணிகள் போன்று அவை மின்னியபோது பிள்ளைகள் மகிழ்ந்து ஆரவாரித்தனர்.

அடுத்து, தொலைகாட்டி வட வானத்தின் உயரே திருப்பப்பட்டது. அங்கே தெரிவது அன்றோமீடா என்னும் விண்மீன் மண்டலம் என்றார் ஆசிரியர். நமது பால்வீதியைப் போலக் கோடானுகோடி ஞாயிறுகளைக் கொண்டது அது. பெரும் ஆவலுடன் குனிந்து நோக்கிய பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி சில கணங்களில் நிமிர்ந்தாள். "இவ்வளவுதானா, சேர்? வெறும் புகை மாதிரித்தானே இருக்கிறது! படத்தில் எவ்வளவு வடிவாக இருந்தது!" என்றாள்.

உண்மையைச் சொன்னால், அவளுக்கு முன் நோக்கிய எனக்கும் அதே எண்ணந்தான். அதிபர் என்ற பதவி என் வாயை அடைத்திருந்தது; அவள் துணிந்து கேட்டுவிட்டாள்.

ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. "படமும் பொய்யன்று, உன் கண்ணும் பொய்யன்று" என்று தொடங்கி விளக்கினார். படக்கருவி பல நிமிடங்கள், சிலவேளை பல மணிநேரம், ஒளியைச் சேர்த்து வைக்கவல்லது. நமது கண்ணுக்கு அந்த ஆற்றல் இல்லை. மேலும், மங்கிய ஒளியிலே நிறங்களை உணரும் கலங்கள் செயற்படுவதில்லை. ஆதலால் அனைத்தும் சாம்பல் வெண்மையாகவே தோன்றும். இருளுக்குக் கண் பழகவும் இருபது நிமிடங்களுக்குக் குறையாத காலம் வேண்டும். நாங்களோ பாடசாலை விறாந்தையின் மின்விளக்குகளை அணைக்காமலே வானத்தைக் குறைகூறிக்கொண்டிருந்தோம்!

விளக்குகள் அணைக்கப்பட்டன. கண் பழகும்வரை அந்தப் புகையின் வரலாற்றை அவர் கூறலானார்.

கி.பி. 964ஆம் ஆண்டளவில் பாரசீக வானியலாளர் அல் சூபி தமது நூலிலே அதனைச் சிறுமுகில் என்று குறித்துவைத்தார். அத்தகைய வெண்புகைகள் யாவை என்பது பல நூற்றாண்டுகள் விளங்காதிருந்தது. 1845இல் அயர்லாந்தில் ரொஸ் பிரபு ஆறடி அகலமான ஆடி பொருத்திய பெருந்தொலைகாட்டியை அமைத்து, வேறொரு வெண்புகையை நோக்கினார். நீர்ச்சுழி போன்ற சுருள் வடிவம் அதில் தெரிந்தது. எனினும் அது நம் பால்வீதிக்குள் உள்ளதா, அதற்கு அப்பாலுள்ளதா என்பதை எவராலும் துணிந்து கூற இயலவில்லை. சில விண்மீன்கள் ஒளி கூடியும் குறைந்தும் துடிக்கும். அத்துடிப்பின் காலத்துக்கும் அவற்றின் உண்மையான ஒளிக்கும் தொடர்புண்டு என்பதை ஹென்றியற்றா லெவிற் என்ற பெண்மணி 1912இல் நிறுவினார். அத்தகைய விண்மீன் ஒன்றை எட்வின் ஹபிள் 1923இல் கலிபோர்னியாவின் வில்சன் மலையிலிருந்து அன்றோமீடாவுக்குள்ளே கண்டார். அதனை அளவுகோலாகக் கொண்டு கணித்தபோது, அந்தச் சிறுமுகில் நமது பால்வீதிக்கு மிக அப்பாலுள்ள தனியொரு மண்டலம் என்பது தெளிவாயிற்று. அதன் தூரம் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகள் என இன்று கணிக்கப்பட்டுள்ளது. ஓர் ஒளியாண்டு என்பது சுமார் 9 இலட்சத்து 46 ஆயிரம் கோடி கிலோமீற்றர்.

இருபது நிமிடங்கள் கடந்தன. "நேரே உற்றுப் பார்க்காதே, சற்றே ஓரமாகப் பார்" என்று கூறி, ஆசிரியர் அந்த மாணவியை மீண்டும் அழைத்தார். இம்முறை அவள் நெடுநேரம் நிமிரவில்லை. வரிசையில் நின்றோர் பொறுமை இழந்தனர். பின்னர் அவள் மெல்லச் சொன்னாள்: "இப்பவும் மங்கல்தான், சேர். ஆனால் முடிகிற இடம் தெரியவில்லை."

அவள் கண்ணில் அன்று பட்ட ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது நம் போன்ற மனிதர் இவ்வுலகில் தோன்றியிருக்கவில்லை. அத்துணைக் காலம் பயணம் செய்து, எங்கள் மைதானத்தில் ஒரு சிறுமியின் விழியிலே அது அடைக்கலம் புகுந்தது. படத்தில் அவள் கண்டது அச்சிட்ட மை. இங்கே அவள் கண்டது அந்த ஒளியையே. பழம்பாடல் ஒன்றை முதன்முறை படிக்கும் மாணவனுக்குச் சொற்கள் கரடுமுரடாகவே தோன்றும். பொருளுணர்ந்து மீண்டும் படிக்கையிலே அதே சொற்கள் ஒளிவிடும். அறிவு வளர்ந்தால் அழகு குன்றும் என்று வகுப்பறையில் நான் பலமுறை கூறியதுண்டு. அன்று முதல் அதனைக் கூறுவதில்லை.

நேயர்களே, நம் தீவின் வானத்துக்குத் தனிச் சிறப்பும் உண்டு. வைகாசி மாதத்து முன்னிரவில் தென்திசையை நோக்கினால், ஒமேகா சென்ரோறி என்னும் மீன்திரள் மங்கலான விண்மீன் போலத் தெரியும். அது 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் திரண்ட உருண்டை. இலண்டன் மாநகரிலிருந்து நோக்குவோருக்கு அது அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. ஹலி என்னும் ஆங்கில வானியலாளர் 1677இல் சென் ஹெலினாத் தீவிலிருந்து அதனைக் கண்டார். நமக்கோ அது வீட்டு முற்றத்திலேயே காணக் கிடைக்கின்றது.

தொலைகாட்டி இல்லையே என்று ஏங்க வேண்டா. நிலவில்லாத ஓரிரவில் முற்றத்து விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளுடன் இருபது நிமிடம் பொறுத்திருங்கள். இருளிலே பொறுத்திருப்பவர்களுக்கு வானம் தன்னை மெல்ல மெல்லக் காட்டும்.