ஒத்திவைப்பும் தமிழும்
(தாமலில் நிகழ்ந்த தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



தாமலிலிருந்து காஞ்சிபுரம் முறைமன்றத்திற்குச் சென்று மீளும் உழவரை, வழக்கு என்னவாயிற்று என வினவின், "வாய்தா" என்பார். வாயும் தாவும் சேர்ந்த தமிழ்ச்சொற்போல் ஒலிப்பினும் அது தமிழன்று. வாக்குறுதி எனப் பொருள்படும் அரபுச்சொல். உருதுவழி வந்து நம் மன்றங்களிற் குடியேறியது.

தமிழிற் சொல்லில்லையா? ஒத்துதல் என்பது விலகுதல். 'ஒத்திப்போ' என்பது நாட்டுப்புற வழக்கு. அதனடியாக, வேறொரு நாளுக்கு நகர்த்துதல் ஒத்திவைத்தலாயிற்று. நாள் குறியாது விடுவது நிறுத்திவைத்தல். வேலையைச் செய்யாது நீட்டுவது தள்ளிப்போடுதல். ஏய்க்கும் நோக்குடன் நீட்டுவது நாட்கடத்தல். ஈழத்தமிழர் பிற்போடுதல் என்றும் வழங்குவர். மன்றத்திற்கு ஒத்திவைத்தலே ஏற்றது. தள்ளிவைத்தல் என்றால், வழக்கே தள்ளுபடியாயிற்றோ என மயங்க நேரும்.

சொல்லளவில் நின்றதா இழப்பு? சென்னை உயர்முறைமன்றத்தில் தமிழ் வழங்கவேண்டுமெனத் தமிழகச் சட்டப்பேரவை 2006 திசம்பர் 6இல் முடிவு நிறைவேற்றியது. அரசமைப்புச் சட்டத்தின் 348(2) பிரிவு இதற்கு இடந்தருகிறது. அப்பிரிவின்படியே இராசத்தானிலும் பீகாரிலும் இந்தி உயர்முறைமன்றம் ஏறிற்று. தமிழுக்கோ, 2012இல் உச்சமுறைமன்றம் இசைவளிக்கவில்லை.

தமிழுரிமை ஒத்திவைக்கப்பட்டது என்பார் உளர். ஒத்திவைத்தால் நாள் குறித்திருக்க வேண்டுமே! குறித்த நாள் எங்கே? இது நிறுத்திவைப்பு. சரியான சொல்லாற் சுட்டினாலன்றோ இழைக்கப்பட்ட தீங்கு விளங்கும்?

ஆதலின், மன்றத்தில் தமிழ் ஏற உரிமைக்குரல் எழுப்புக! அதுவரை காத்திராது, வாய்தாவை இன்றே வாயிலிருந்து நீக்குக! இதற்கு எவர் இசைவும் வேண்டா.

வாழ்க தமிழ்!