பிள்ளைகள் விளையாட்டில் நம்ம வீடு தெரியும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சேமிப்பு, வங்கிக் கடன் பத்தியெல்லாம் எனக்கு முன்னால பேசினவங்க விவரமா சொல்லிட்டாங்க. நான் நம்ம பெண் பிள்ளைகளோட விளையாட்டைப் பத்திச் சொல்றேன். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல நீலப்பறவையர் அணி இருக்கு. சாரணர் இயக்கத்துல பத்து வயசுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பேர். புல்புல்னும் சொல்வாங்க. ஆறாறு பேரா சேர்ந்து இயங்குவாங்க. தாரா என்ற சிறுமியோட கதையில இருந்துதான் அவங்க பயிற்சி தொடங்குது. சனிக்கிழமை சாயங்காலம் டீச்சருக்கு உதவியா நான் போறேன். கதை, வேஷம், நாடகம் இதெல்லாம் என் பொறுப்பு.

"படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?"ன்னு சில பேர் கேக்குறாங்க. கடற்கரைப் பெண் பிள்ளைகள் மணல்ல சின்ன வீடு கட்டி, பாவை செஞ்சு விளையாடினது சங்கப் பாட்டுலயே இருக்கு. அதுக்குச் சிற்றில்னு பேர். நாமளும் செரட்டையில மணல் சோறு ஆக்கினவங்கதானே? அப்படி விளையாடித்தான் பேசப் பழகினோம், பங்கு பிரிக்கப் பழகினோம், சண்டை போட்டுச் சேரப் பழகினோம்.

இதை நடத்த காசு வேணாம். ஒரு பழைய நீலச் சேலை போதும். ரெண்டு பக்கமும் பிடிச்சு ஆட்டினா அதுதான் கடல். மெதுவா ஆட்டினா அமைதி, வேகமா ஆட்டினா புயல். செரட்டை, பனை ஓலை, சிப்பி, காலி கேன் எல்லாம் சாமான். தூண்டில் முள், நரம்பு வலை மட்டும் கிட்ட வரக்கூடாது. கழுத்துல எதையும் கட்ட விடக்கூடாது.

பாம்பன் பாலம் விளையாட்டுன்னா பிள்ளைகளுக்கு உயிர். 1914-ல திறந்த பழைய பாலம் ரெண்டா பிரிஞ்சு மேல தூக்குற மாதிரி இருந்துச்சு. அதுக்கு ரெண்டு பிள்ளைக எதிரெதிரா நின்னு கையைத் தூக்கணும். 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல நடுப்பகுதி அப்படியே நேரா மேல ஏறும். அதுக்கு நாலு பேர் ஒரே நேரத்துல ஒரு பாயைத் தூக்கணும். ஒருத்தி அவசரப்பட்டாலும் பாலம் சாயும், கப்பல் போகாது. ஒற்றுமையா இருங்கன்னு நான் வாயால சொல்ல வேண்டியதில்ல.

நடத்துறவங்க செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கதையோட தொடக்கத்தை மட்டும் கொடுங்க. வசனம் எழுதிக் கொடுக்காதீங்க. நான் ஒரு துண்டைத் தலையில போட்டுக்கிட்டு, "நான் வெளியூர்க்காரிம்மா, கடலே பாத்ததில்ல, பாசி எப்படி எடுக்கிறது?"ன்னு கேப்பேன். வாயே திறக்காத பிள்ளை கூட, விரல்ல துணி சுத்துறதுல இருந்து நீரோட்டம் பாக்குறது வரைக்கும் எனக்குப் பாடம் எடுக்கும். அப்பவும் பேசாத பிள்ளைக்குக் காத்து வேஷம் கொடுங்க. முதல்ல "உஸ்"ஸுன்னு சத்தம் மட்டும் வரும். ரெண்டு மூணு வாரம் போனா பேச்சு வரும்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வர்றேன். ஒருநாள் "வீடு" விளையாட்டு. ஒரு பிள்ளை நோட்டும் பையுமா வந்து கதவைத் தட்டுச்சு. இன்னொரு பிள்ளை வெளிய வந்து, "அம்மா இல்ல, எப்ப வரும்னு தெரியாது"ன்னுச்சு. அம்மா வேஷம் போட்ட பிள்ளை ஓலைத் தட்டிக்குப் பின்னால மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒளிஞ்சிருந்துச்சு. சுத்தி இருந்த பிள்ளைக யாரும் சிரிக்கல. எல்லாருக்கும் தெரிஞ்ச விளையாட்டு அது.

நான் திட்டல, நிறுத்தவும் இல்ல. "சரி, இப்ப பக்கத்து வீட்டு மதினி அந்தப் பக்கமா வர்றாங்க, என்ன சொல்வாங்க?"ன்னு மட்டும் கேட்டேன். ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கடைசியில ஒரு சின்னது இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "பிள்ளைகிட்ட எதுக்கு கேக்குறீங்க? பெரியவங்க இருக்கிற இடத்துல வந்து பேசுங்க"ன்னுச்சு. ஒளிஞ்சிருந்த பிள்ளை தானா எந்திரிச்சு வெளிய வந்துச்சு.

எந்த வீடுன்னு நான் கேக்கவும் இல்ல, இங்க சொல்லவும் மாட்டேன். பிள்ளைக விளையாட்டுல சொன்னதை வீட்டுல போய்க் கோள் சொன்னா, அடுத்த வாரம் ஒரு பிள்ளையும் வாய் திறக்காது. ஆனா அந்தச் சின்னது சொன்னதைக் குழுவுல பேசினோம். நுண்கடன் வசூலுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல விதி போட்டிருக்கு. காலை 9 மணிக்கு முன்னாலயும் சாயங்காலம் 6 மணிக்குப் பின்னாலயும் கடன் வாங்கினவங்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணக்கூடாது. ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்ட இடத்துலதான் வசூல். அந்த இடத்துக்கு அடுத்தடுத்து ரெண்டு தடவை நாம வராம இருந்தாத்தான் வீட்டுக்கு வரலாம். அதனால எங்க குழுவுல முடிவு பண்ணியிருக்கோம்: தவணை கட்ட முடியாத மாசம் ஒளிய வேணாம், குழுவுல முன்கூட்டியே சொல்லணும், கூட ரெண்டு பேர் போவோம். பிள்ளையை வாசல்ல நிறுத்திப் பொய் சொல்ல வைக்கக்கூடாது.

இன்னும் பெரிய விஷயமும் விளையாட்டுல வரும். கடலுக்குப் போன அப்பா திரும்பாதது வரும், இலங்கையில பிடிச்சு வச்சிருக்கிறது வரும். அதை நாமளா எடுத்துக் கொடுக்கக்கூடாது, தானா வந்தா தடுக்கவும் கூடாது. பக்கத்துல உக்காருங்க. முடியும்போது எல்லாரும் வட்டமா நின்னு, வேஷத்தைக் கலைச்சு, அவங்கவங்க சொந்தப் பேரைச் சத்தமா சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். ஏதாவது பிள்ளை விளையாட்டுலயே அடியோ, தொடக்கூடாத தொடுதலோ காட்டினா, அது நாம மட்டும் வச்சுக்கிற ரகசியம் இல்ல. டீச்சர்கிட்ட சொல்லுங்க, 1098-க்குக் கூப்பிடுங்க.

கூட்டமைப்புகிட்ட என் கோரிக்கை ஒண்ணுதான். ஒவ்வொரு ஊர்லயும் கூட்டம் நடக்கிற கட்டடத்தை வாரத்துல ஒரு மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கு விடுங்க. கூட ரெண்டு உறுப்பினர் இருக்கட்டும். மேடைக்கு டான்ஸ் பழக்க வேணாம், பரிசு கொடுக்க வேணாம். பிள்ளைக விளையாடட்டும், நாம உக்காந்து பாப்போம். நம்ம தீர்மான நோட்டுல எழுத வேண்டியது சிலது அங்கதான் கிடைக்கும்.