பழைய வண்டியும் நமது பொறுப்பும்

(உசிலம்பட்டி வட்டாரத்து விவசாயிகளும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது வட்டாரத்தில் மல்லிகை அரும்பைப் பொழுது விடியுமுன் பறிக்கிறோம். மாலையில் அது மலர்ந்துவிடும். அதற்குள் அது சந்தை சேர்ந்து, விலையாகி, வாங்குவோர் கைக்கும் போய்விட வேண்டும். மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு என்னும் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் செக்கானூரணி அருகே வண்டி நின்றுவிட்டால் அந்தப் பெருமை கூடையிலேயே மலர்ந்து வாடிவிடும். செடிக்கு நீர் விட்டு, உரமிட்டு, பூச்சியை விரட்டிப் பாடுபட்ட உழைப்பெல்லாம் கடைசி 40 கிலோமீட்டரில் ஒரு பழைய வண்டியை நம்பியே இருக்கிறது. ஆகவே அந்த வண்டியைப் பற்றி இன்று பேசுவது பொருத்தமென்று கருதுகிறோம்.

மதுரையில் நாம் சரக்கு இறக்கும் இடத்திற்கு மாட்டுத்தாவணி என்று பெயர். தாவணி என்றால் கால்நடைச் சந்தை. ஒரு காலத்தில் மாடு விற்ற இடத்திற்கு இன்று மோட்டார் வண்டியில் பூவும் காயும் போய்ச் சேருகின்றன. 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் என்ற சிறு வண்டி வந்தது. முக்கால் டன் பாரம் ஏற்றக்கூடிய அதற்கு நம் மக்கள் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டார்கள். அதைவிடப் பெரிய பிக்கப் வண்டிகளும் ஊருக்கு ஊர் வந்துள்ளன. புது வண்டி வாங்க இயலாத நம்மில் பலர் மூன்றாவது, நான்காவது கையாகவே இவற்றை வாங்குகிறோம். அதில் தவறொன்றும் இல்லை. பழைய வண்டியைப் புது வண்டி போல நடத்துவதுதான் தவறு.

உழவு மாடு வைத்திருந்தவர் காலையில் தொழுவத்திற்குப் போனதும் என்ன செய்தார்? மூக்கு ஈரமாக இருக்கிறதா, இரவு போட்ட தீனியைத் தின்றிருக்கிறதா, சாணம் சரியாக இருக்கிறதா, லாடம் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நுகத்தடியைத் தொட்டார். வாயில்லா ஜீவனானாலும் அது தன் நோவை அவருக்குச் சொல்லிற்று. வண்டியும் அப்படித்தான் சொல்கிறது. பெரும்பாலான பழுதுகள் நாள் கணக்கில், வாரக் கணக்கில் முன்னறிவிப்புக் கொடுத்த பிறகே வருகின்றன. நாம்தான் பார்ப்பதில்லை.

காலையில் பத்து நிமிஷம்

வண்டியைக் கிளப்புமுன் பத்து நிமிஷம் செலவிட்டால் போதும். முதலில் வண்டி நின்ற தரையைப் பார்க்க வேண்டும். சொட்டியிருப்பது என்ன? கறுப்பாகவோ பழுப்பாகவோ வழுவழுப்பாக இருந்தால் எண்ணெய். பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்தால் ரேடியேட்டர் நீர். சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம் தெரிந்தால் பிரேக் எண்ணெயாக இருக்கலாம். இம்மூன்றில் கடைசியானது தெரிந்தால் வண்டி அன்று சாலைக்குப் போகக்கூடாது.

அடுத்து எஞ்சின் எண்ணெய். சமதரையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, அளவுக் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு இடையே இருக்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கேடுதான். எண்ணெய் பால் கலந்த தேநீர் போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் கலந்துவிட்டது என்று பொருள். அந்த எஞ்சினைக் கிளப்பவே கூடாது.

பிறகு ரேடியேட்டர் நீர், பிரேக் எண்ணெய், விசிறியைச் சுழற்றும் பெல்ட், பாட்டரி முனைகள், டயர்கள், விளக்குகள். பாட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் முனையைக் கழற்றி, வெந்நீரால் கழுவி, உலர்த்தி, இறுக்கிப் பூட்டி, மேலே சிறிது வாசலைன் தடவினால் போதும். பாட்டரி செத்துவிட்டது என்று புதிது வாங்கியவர் பலருக்கு உண்மையில் குறையாக இருந்தது இந்தப் பூப்புதான்.

சூடேறுதல்

நமது பகுதியில் பழைய வண்டிக்கு முதற்பகை சூடு. இதில் எங்கள் அனுபவத்தையே சொல்கிறோம். நாங்கள் சிலர் கூட்டாக ஒரு பழைய பிக்கப் வைத்திருந்தோம். கோடையில் ரேடியேட்டரில் நீர் குறைவதைக் கண்டோம். நாள்தோறும் ஒரு செம்பு ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றினோம். ஊற்றிய நீர் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருநாள் காலை பூக்கூடைகளோடு நடுவழியில் கொதித்து நின்றது. வேறு வண்டி வந்து சேர்வதற்குள் பூவின் விலை போயிற்று. கழற்றிப் பார்த்தால், நீரைச் சுற்ற வைக்கும் பம்பில் ஒரு சிறு சீல் தேய்ந்து, வாரக் கணக்கில் கசிந்திருக்கிறது. அதைக் கவனியாததால் எஞ்சின் தலைப்பகுதி வளைந்து, அதன் கேஸ்கட்டும் எரிந்துபோயிற்று. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது பல ஆயிரமாயிற்று. பிழை எங்களுடையதே.

ஆகவே அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருந்தால் அது பராமரிப்பு ஆகாது; நோயின் அறிகுறி. ரப்பர்க் குழாய், அதன் பூட்டு, பம்பு, ரேடியேட்டரின் அடிப்பகுதி என்று வரிசையாகக் கசிவைத் தேட வேண்டும். வெளியே கசிவே இல்லாமல் நீர் குறைந்து, புகையும் வெண்மையாகத் தொடர்ந்து வந்தால் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம்.

உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கிணற்று நீர், நம் வீட்டு வெந்நீர்ப் பானையில் படிவதுபோல ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படியும். படிந்தால் சூடு வெளியேறாது. உப்பு நீக்கிய நீரில் கூலன்ட் கலந்து ஊற்றுவதே முறை. அது துருவையும் தடுக்கும். ரேடியேட்டரின் முகப்பில் அடைந்திருக்கும் தூசியையும் பூச்சியையும் உட்புறமிருந்து மெல்லிய நீர்த்தாரையால் கழுவிவிட வேண்டும்.

வண்டி சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம் ஒன்று உண்டு. எஞ்சின் தனக்கேற்ற வெப்பத்தை அடையும்வரை நீரைத் தடுத்து, பிறகு திறந்துவிடும் மடை அது. மடையை உடைத்துவிட்டால் பாசனம் சீராகுமா? எஞ்சின் தக்க சூட்டை அடையாமல் டீசலை அதிகம் குடிக்கும். எண்ணெயும் விரைவில் கெடும். சில எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியாகவே சுற்றி, சூடு இன்னும் கூடும். கெட்டுப்போனதை மாற்ற வேண்டும், நீக்கலாகாது.

கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. மூடி அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால் 100 பாகை செல்ஸியஸைக் கடந்தும் உள்ளே நீர் கொதியாமல் இருக்கும். திறந்த கணமே அது ஆவியாகி முகத்தில் பாயும். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கும்.

புகை சொல்லும் சேதி

கரும்புகை வந்தால் டீசலுக்குத் தக்க காற்று கிடைக்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். மண் பாதையில் ஓடும் வண்டியின் காற்று வடிகட்டி நகரத்து வண்டியினுடையதைவிட விரைவில் அடைபடும். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். உட்புறத் தேய்மானத்தின் அடையாளம் அது.

டீசல் வடிகட்டியின் அடியில் நீரை வடிப்பதற்கு ஒரு திருகு பல வண்டிகளில் உண்டு. பீப்பாயில் வாங்கி வைத்த டீசலை ஊற்றுபவர்கள் அதை அவசியம் பயன்படுத்த வேண்டும். டாங்கியை வற்றவிட்டு ஓட்டுவதும் கூடாது. குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால் பிறகு டீசல் ஊற்றினாலும் வண்டி கிளம்பாது; காற்றை வெளியேற்றிய பின்பே கிளம்பும். அதை அறியாமல் ஸ்டார்ட்டரைத் திருகிக் கொண்டேயிருந்தால் பாட்டரியும் போய்விடும்.

பிரேக்கை நாளைக்கு ஒத்தி வைக்கலாகாது

மற்றப் பழுதுகள் வண்டியை நிறுத்தும். பிரேக்கின் பழுது வண்டியை நிறுத்தாது, அதுதான் ஆபத்து. மிதியை இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிடிக்கிறது என்றால் குழாயில் காற்று இருக்கலாம், அல்லது பின்சக்கரப் பிரேக்கைச் சரிக்கட்ட வேண்டியிருக்கலாம். அழுத்திய மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஏதேனும் ஒரு சக்கரத்தின் பிரேக் தன் வேலையைச் செய்யவில்லை. பிரேக் எண்ணெய் குறைந்திருந்தால் கசிவு இருக்கலாம். பிரேக் கட்டைகள் தேய்ந்தும் இருக்கலாம். காரணத்தை அறியாமல் ஊற்றி நிரப்பினால் நோயை மறைத்தவர்களாவோம். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆகையால் பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை முழுவதும் மாற்றிவிட வேண்டும்.

நமக்கு மேற்கே ஆண்டிபட்டிக் கணவாய் இருக்கிறது. இறக்கத்தில் டீசல் மிச்சமாகும் என்று கியரை விடுவித்து, சிலர் எஞ்சினையும் நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடுகிறார்கள். எஞ்சின் ஓடுவதால்தான் பிரேக் மிதிக்கு உதவி செய்யும் வெற்றிடம் உண்டாகிறது. அது நின்றால் ஓரிரு மிதிக்குப் பிறகு மிதி கல்லாகிவிடும். பாரத்தையெல்லாம் பிரேக் ஒன்றே தாங்கினால் அதுவும் சூடேறிப் பிடியை இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிற்கும். வேகம் இருமடங்கானால் நிறுத்துவதற்கு வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் ஓட்டுநர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

பாரமும் பட்டையும்

வில் பட்டை முறிந்த வண்டிக்குக் கூடுதலாக இரண்டு பட்டை வைத்துக் கட்டி, இனி இரட்டைப் பாரம் ஏற்றலாம் என்று எண்ணுவோர் உண்டு. பட்டை கூடினால் வண்டியின் முதுகு வளையாதே தவிர, அச்சும் பிரேக்கும் டயரும் பழையவையே. முன்பு வளைந்து எச்சரித்த வண்டி இப்போது எச்சரிக்காமல் முறியும். பதிவுச் சான்றில் எழுதியுள்ள எடையே நமது எல்லை.

டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் கொண்ட முத்திரை இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்போடிய பழைய டயரை நம்பக்கூடாது. பள்ளங்களுக்குள் உள்ள சிறு மேடுகளின் மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. சக்கரம் மாற்றும்போது மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து அணை கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் நுழையலாகாது.

ஈரச் சாக்கும் எருவும் ஏற்றியபின் தொட்டியைக் கழுவிக் காயவிடாவிட்டால் தகட்டையும் சட்டத்தையும் துரு தின்னும். எஞ்சினைப் புதுப்பிக்கலாம், துருவேறிய சட்டத்தை மீட்பது அரிது.

ஆட்களை ஏற்றலாமா?

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகிறோம். களையெடுக்கவும், விசேஷ வீட்டுக்கும், திருவிழாவுக்கும் சரக்கு வண்டியின் தொட்டியில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக நெருக்கியடித்துச் செல்வதை நாம் காண்கிறோம். சரக்குக்கு உரியவரோ அவருடைய பிரதிநிதியோ சரக்குடன் செல்வது வேறு. சரக்கு வண்டியில் இனாமாகச் செல்லும் பயணிகளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருக்கிறது. விபத்து நேர்ந்தால் இறந்தவர் குடும்பம் நஷ்ட ஈட்டுக்கு அலையும்; வண்டி வைத்திருந்தவர் நிலத்தை விற்பார். இரண்டு குடும்பங்களும் நம்மூர்க் குடும்பங்களே. கிராம சபையில் இதைப் பேசி, ஊர்க் கட்டுப்பாடாகவே செய்துவிட்டால் பல உயிர்கள் பிழைக்கும்.

கணக்கு நோட்டு

எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். அதற்கு முதல்நாள் மட்டும் விளக்கையும் பிரேக்கையும் சரிசெய்து, மறுநாள் மறந்துவிடுவது நம்மை நாமே ஏமாற்றிக் கொள்வதாகும். ஒரு சாதாரண நோட்டு வாங்கி வண்டியில் வையுங்கள். எண்ணெய் மாற்றிய தேதி, அன்று ஓடியிருந்த கிலோமீட்டர், மாற்றிய சாமான், ஊற்றிய நீரின் அளவு எல்லாம் அதில் இருக்கட்டும். எங்கள் வண்டியில் அந்த நோட்டு இருந்திருந்தால், நாளுக்கு ஒரு செம்பு நீர் என்பதை யாராவது ஒருவர் படித்துக் கேள்வி கேட்டிருப்பார். கூட்டாக வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். எல்லாருக்கும் பொதுவான வண்டியை எவரும் கவனிப்பதில்லை. வாரத்திற்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டால் அந்தக் குறை நீங்கும்.

அன்பர்களே! தொழுவத்தில் மாட்டின் முகத்தைப் பார்த்து நோயறிந்த பரம்பரை நம்முடையது. அந்தக் கண் இன்னும் நம்மிடம் இருக்கிறது. நாளைக் காலை சாவியைத் திருகுமுன் ஒருமுறை குனிந்து வண்டி நின்ற தரையைப் பாருங்கள். பூவும் சந்தைக்குப் போய்ச் சேரும். கொண்டு போனவரும் வீடு வந்து சேருவார்.