டவுனுக்குப் போய் போன் பேசிய காலம்

(தோட்டத்துக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இன்று நம் பிள்ளைகள் லயத்து வாசலில் நின்றபடியே குவைத்தில் இருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். சந்தோஷம். ஆனால் முந்தி ஒரு போன் பேச நாம் கொடுத்த விலை என்ன? கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம்.

அன்று தோட்டத்தில் டெலிபோன் இருந்தது ஆபீசிலும் துரை பங்களாவிலும்தான். மற்றவர்கள் தபால் கந்தோரில் ட்ரங்க் கோல் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1989இல் நாட்டுக்குக் கைத்தொலைபேசி வந்தது. அது பணக்காரர் கையோடு நின்றது. 1990களில்தான் டவுன் கடைகளில் 'கொமியூனிகேஷன்' போர்டுகள் தொங்கின, காட் போட்டுப் பேசும் பூத்துகளும் வந்தன.

கொமியூனிகேஷனில் நமக்குக் காது போனில், கண் மீட்டரில். பேச நினைத்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். கட்டணம் மட்டுமா செலவு? பஸ் காசு வேறு. வேலை நாளென்றால் அன்றைய பேரும் போய்விடும். இரவில் கட்டணம் குறைவு என்பார்கள். இரவில் தோட்டத்துக்குத் திரும்பி வர பஸ் ஏது?

1994இல் நான் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தேன். அம்மா யாரையாவது பிடித்துக் கடிதம் எழுதுவிப்பார்: "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு டவுன் கடைக்கு வாறேன், கோல் எடு." நான் எடுப்பேன். வருகிற அழைப்புக்கும் கடைக்காரருக்கு அம்மா காசு கொடுக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு அம்மா வரவில்லை. "இன்னும் காணலப்பா" என்று கடைக்காரர் வைத்துவிட்டார். மழையாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். அம்மா காய்ச்சலில் படுத்திருந்தார். என் நம்பர் அவருடைய சேலை முடிச்சுக்குள் ஒரு துண்டுக் கடதாசியில் இருந்தது. வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் பக்கத்துக் காம்பரா அண்ணன் லொறியில் வந்து சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு உயிர் இருந்தது, பேச்சு இல்லை.

இதை அழ வைப்பதற்காகச் சொல்லவில்லை. இன்று வீட்டுக்கு வீடு போன் உண்டு. ஆனால் நம்பரெல்லாம் அந்தப் போனுக்குள்தானே இருக்கிறது? சார்ஜ் முடிந்தால், போன் உடைந்தால், மகனின் நம்பர் எத்தனை பேருக்கு மனப்பாடம்?

இன்றே மூன்று வேலை செய்யுங்கள். முக்கியமான நம்பர்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தையும் அதில் சேருங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்தச் சேவை இப்போது நாடு முழுவதும் உண்டு, காசும் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்து இலக்கம், வண்டி வந்து நிற்கக்கூடிய இடம், இவற்றைச் சொல்ல வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாட்டிமாருக்கும் பழக்குங்கள்.

அம்மாவிடம் அன்று கோல் வராததற்கு நான் மழையைக் காரணம் சொல்லிக்கொண்டேன். உங்கள் வீட்டிலிருந்து வரவேண்டிய கோல் ஒரு நாள் வராவிட்டால், நீங்கள் திருப்பி எடுத்துப் பாருங்கள்.