பொறுக்கிய சாக்கு எங்கே போகிறது?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், சங்கத்தின் சுற்றாடல் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)

  

வெளிநாட்டில் குடியிருக்கும் நம் தோழிகள் சிலரின் பிள்ளைகள் விடுமுறையில் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். அதற்கு ஜியோகேஷிங் என்று பெயர்; நாம் சொல்வதென்றால் புதையல் தேடல். ஒருவர் சிறு பெட்டி ஒன்றைக் காட்டிலோ பூங்காவிலோ ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் வெளியிடுவார். மற்றவர்கள் கைத்தொலைபேசியைப் பார்த்துத் தேடிப் போய், பெட்டிக்குள் இருக்கும் கொப்பியில் பெயரை எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். ஜி.பி.எஸ் சமிக்ஞையைப் பொதுமக்களுக்குத் துல்லியம் குறைத்தே கொடுத்து வந்த அமெரிக்க அரசு, 2000 மே 2ஆம் திகதி அந்தத் தடையை நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்து வைத்தார். அதுதான் தொடக்கம். 2002 முதல் அவர்களிடம் இன்னொரு வழக்கமும் வந்தது. பெட்டி தேடிப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வருகிறார்.

இதை இங்கேயும் செய்யலாமே என்று ஒரு மகள் கேட்டாள். பெட்டியை ஒளிப்பது நம் ஊருக்குச் சரிவராது. 2019க்குப் பிறகு கல்முனைக் கரையில் தாழம் பற்றைக்குள் மூடிய பெட்டி ஒன்று கிடந்தால் யார் யார் வந்து சூழ்ந்து நிற்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே பெட்டியை விட்டுவிட்டுக் குப்பையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சனிக்கிழமைகளில் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருது தோணாப் பக்கமாக நடக்கிறோம். எங்களில் சிலர் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடற்கரைக்கே போகாதவர்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன கடல் அது. அவர்கள் முதல் நாள் கடலைப் பார்க்காமல், குனிந்து மணலை மட்டும் பார்த்தபடி நடந்தார்கள். "பொம்புளப் புள்ளகளுக்கு இது வேலையா?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று ஓதிக் கொடுத்தது ஆண்களுக்கு மட்டும்தானா என்று எங்களில் மூத்த ராத்தா திருப்பிக் கேட்டார். கரைவலை இழுப்பவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. வலையோடு ஏறி வரும் ஷொப்பிங் பேக்குகளை எங்களுக்காக ஒரு பக்கம் குவித்து வைத்தார்கள்.

சாக்கு நிறைவது பெரிய காரியமல்ல. நிறைந்த சாக்கு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. நம் கரையோர ஊர்களின் குப்பை பள்ளக்காட்டுக்குப் போகிறது. அங்கே திறந்த வெளியில் கொட்டிய குப்பையை யானைகள் வந்து தின்கின்றன. எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் இப்படி இறந்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. உடற்கூற்றுப் பரிசோதனையில் வயிற்றுக்குள் பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும்தான் இருந்தன. யானை தின்ன வேண்டிய எதுவும் இல்லை. யானைகளைத் தடுக்க அங்கே மின்வேலி போட்டார்கள். 2014இல் இடி விழுந்து அது பழுதாகி, திருத்தப்படாமலே கிடந்தது. குப்பைக்குப் பழகிய யானை அடுத்து வயலுக்கும் வீட்டுக்கும் வருகிறது. விலை கொடுப்பது அந்தப் பக்கத்து விவசாயி, குப்பை நம்முடையது. கடற்கரையில் பொறுக்கிய சாக்கை அப்படியே லொறியில் ஏற்றிவிட்டால், கடலாமையின் வாயிலிருந்து எடுத்து யானையின் வாயில் வைத்த கதைதான்.

இங்கே எங்களுக்குக் கைகொடுத்தது இரண்டு பெண்கள் செய்த வேலை. 1986இல் டெக்சாஸ் கடற்கரையில் லிண்டா மரனிஸ், கெதி ஓஹாரா என்ற இருவரும் 2,800 பேரைத் திரட்டிக் குப்பை பொறுக்கினார்கள். வெறுமனே பொறுக்கவில்லை; எடுத்த ஒவ்வொன்றையும் இன்னதென்று தாளில் எழுத வைத்தார்கள். செப்டெம்பர் மாதத்தில் இன்று உலகெங்கும் நடக்கும் கடற்கரைத் துப்புரவு நாள் அதிலிருந்து வளர்ந்ததுதான். நாங்களும் ஒரு கொப்பி வைத்தோம்.

கொப்பி சொல்வது இதுதான். தண்ணீர்ப் போத்தல், தகரம் இரண்டையும் பழைய சாமான் வாங்குபவர் எடுத்துக்கொள்கிறார். வலைத்துண்டு கொஞ்சம் வருகிறது. யோகட் கப்பை எவரும் வாங்குவதில்லை. லன்ச் ஷீட், சோற்றுப் பார்சல் பேக், பெம்பர்ஸ் இவையும் அப்படித்தான். லன்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. இன்னும் கரையில் கிடக்கிறது. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கரண்டி, ஸ்ட்ரோ, இடியப்பத் தட்டு வரை தடுத்த சட்டம் யோகட் கப்பை மட்டும் விட்டுவிட்டது. அதை விட்டது ஏன் என்று அரசாங்கத்தைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் எங்கள் கொப்பியில் உள்ளவற்றில் பெரும்பகுதி நம் குசினியிலிருந்தும் கலியாண வீட்டிலிருந்தும் போனவை.

முன்பு கலியாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிட்டு எழும்பினால் மிஞ்சுவது கழுவ ஒரு சஹன். இப்போது ஆறு பார்சல், ஆறு போத்தல், ஆறு யோகட் கப். அது நாகரிகம் என்று யார் சொன்னதோ! நோன்பு காலத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்குப் பிள்ளைகள் வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டு ஓடுவது நமக்குத் தெரியாததல்ல. அதே பாத்திரத்தோடு கடைக்குப் போவதற்குத்தான் வெட்கப்படுகிறோம்.

இன்றைய பகல் சாப்பாடு சஹனில்தான் வருகிறது, தண்ணீர் குடத்தில். வட்டிலப்பம் கப்பில் இல்லை, வெட்டி வைத்திருக்கிறோம். கழுவும் வேலைக்கு 1990களின் வகுப்பு மாணவிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மற்ற வகுப்புகளும் கொடுக்கலாம். அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் நிற்போம். கையுறை சங்கம் தரும். சாக்கு மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள், வீட்டில் கிடக்கும் பழைய அரிசிச் சாக்கே போதும்.