காலையில எழுந்து ஓடினாதான் ஆயுசு கூடுமா?

“காலையில எழுந்திரிக்க முடியல, அதனால வாக்கிங்கையே விட்டுட்டேன்.” நான் ஆவடியில இருக்கேன், இதை வாரத்துக்கு ஒருத்தராவது சொல்றாங்க. அம்பத்தூர் எஸ்டேட்ல நைட் ஷிப்ட் முடிச்சு, விடிஞ்சப்புறம் வீட்டுக்கு வர்றவங்க எப்படி அஞ்சு மணிக்கு எழுந்து ஓட முடியும்?

ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். 2023-ல ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. பிரிட்டன்ல 92,139 பேர் ஒரு வாரம் கையில அசைவைப் பதிவு செய்யுற கருவியைக் கட்டியிருந்தாங்க. அப்புறம் சுமார் 7 வருஷம் அவங்க உடல்நிலையைக் கவனிச்சாங்க. வேகநடை மாதிரி மூச்சு வாங்குற உழைப்பை எந்த நேரத்துல செஞ்சாலும் இறப்பு அபாயம் குறைவாதான் இருந்துச்சு. அதுலயும், பெரும்பாலும் காலையில செஞ்சவங்களைவிட, பகல் 11-லேர்ந்து சாயங்காலம் 5-க்குள்ள செஞ்சவங்களுக்கும், நேரம் மாத்தி மாத்தி செஞ்சவங்களுக்கும் இன்னும் குறைவு.

2024-ல ‘டயாபெடிஸ் கேர்’ இதழ்ல வந்த இன்னொரு ஆய்வு, உடல் பருமன் உள்ள கிட்டத்தட்ட 30,000 பேரைப் பார்த்துச்சு. அதுல சாயங்காலம் 6 மணிக்கு மேல உழைச்சவங்களுக்குத்தான் அபாயம் ரொம்பக் குறைவு.

ரெண்டும் ஒத்துப்போகலையேன்னு தோணும். ரெண்டுமே கவனிச்சுப் பார்த்த ஆய்வுகள்தான். நேரம்தான் காரணம்னு நிரூபிக்கல. அதோட, பிரிட்டன் மதியம் வேற, நம்ம மதியம் வேற. கத்திரி வெயில்ல ரெண்டு மணிக்கு பூந்தமல்லி ஹை ரோட்டுல வேகமா நடந்தா, ஆயுசு கூடாது, மயக்கம்தான் வரும்!

நம்ம பிரச்சினை நேரமே இல்ல. 2014-ல வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, தமிழ்நாடு உட்பட 4 இடங்கள்ல நடந்துச்சு. அதுல 54.4 சதவீதம் பேருக்குப் போதுமான உடலுழைப்பே இல்ல.

உலக சுகாதார நிறுவனம் கேட்கிறது வாரத்துக்கு 150 நிமிஷம். பேசலாம், ஆனா பாட முடியாது, அந்த வேகம் போதும். பத்துப் பத்து நிமிஷமா பிரிச்சும் செய்யலாம். நைட் ஷிப்ட்காரங்க தூக்கத்தை வெட்டாதீங்க. நல்லா தூங்கி எழுந்து, வெயில் தாழ்ந்ததும், வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் நடங்க. நெஞ்சுவலி, இதய நோய் இருந்தா முதல்ல டாக்டரைப் பாருங்க.

உங்களுக்குக் கிடைக்கிற நேரம்தான் நல்ல நேரம்.