ஏட்டுச் சுவடியும் அச்சுப் புத்தகமும்



இலக்கியம் என்றால் பாட்டுத்தான் என்றும், வசனம் எழுதுகிறவன் புலவனல்ல என்றும் நம் பண்டிதர்கள் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். கடவுளைத் துதிப்பது பாட்டாயிருந்தால் ஒருவாறு ஒப்புக்கொள்ளலாம். வயிற்றுவலி மருந்தும் பாட்டு, நிகண்டும் பாட்டு, இலக்கணமும் பாட்டு! ஏன்? இதில் தெய்வ சங்கற்பம் ஒன்றுமேயில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறி ஒரு பெரிய நூலுக்குப் பிரதி எடுப்பது லேசான காரியமா? ஆகவே நூலை மனப்பாடம் செய்தே காப்பாற்ற வேண்டியிருந்தது. எதுகையும் மோனையும் இருந்தால்தான் மனதில் நிற்கும். உரைகாரர்கள் வசனம் எழுதினார்களே என்பீர்கள். எழுதினார்கள், அதுவும் பாட்டுக்கு உரையாகத்தான் பெரும்பாலும்.

ஏட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஓலை பொத்தலாகும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரம் எது, ஏகாரம் எது என்று தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. முன்பே பாடங்கேட்டவன்தான் தட்டின்றிப் படிக்க முடியும். அப்படியானால் பாடஞ்சொல்ல ஒருவன் மறுத்துவிட்டால் என்ன கதி? நூல் ஊரிலேயே இருந்தும் இவனுக்கு இல்லை. நமக்கும் பாடஞ்சொல்ல ஆசிரியர் கிடைக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய மலிவுப் பதிப்புகள்தாம் நமக்கு வாத்தியார்.

அச்சு நமக்குப் புதிதல்ல. 1578-லேயே கொல்லத்தில் பாதிரிமார் தமிழில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார்கள். ஆனால் 1835-ல் சட்டம் தளர்ந்த பிறகே நம்மவர் தாராளமாக அச்சுக்கூடம் வைக்க முடிந்தது. வைத்தவர்கள் பஞ்சாங்கமும் தலபுராணமும் அச்சிட்டார்கள். யந்திரம் என்ன செய்யும், பாவம்! எனினும் அதே யந்திரத்தால்தான் 1879-ல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்ற வசன நாவல் வந்தது, 1894-ல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூறும் வந்தது.

எழுத்தே மாறியதையும் கவனியுங்கள். அச்சுக் கோக்கிறவருக்குத் தனித்தனி அச்சு வேண்டியிருந்த சில எழுத்துகளைப் பெரியார் 1935-ல் 'குடிஅர'சில் மாற்றி அச்சிட்டார். அது மொழிக்கே கேடு என்றார்கள். 1978-ல் சர்க்காரே ஏற்றுக்கொண்டது. மொழிக்கு ஒன்றும் ஆகவில்லை.

நிற்க. சாமிநாதையர் ஏடு தேடிப்போன ஒரு கோயிலில், பழைய ஏடுகளைச் சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். இதை அவரே தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். வேறு பல ஏடுகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. எரிந்ததில் என்ன இருந்தது என்று எவரால் சொல்ல முடியும்?

உங்களில் சிலர் வீட்டுப் பரணில் இன்றும் சுவடிக்கட்டு இருக்கும். வருஷத்துக்கொரு நாள் சரஸ்வதி பூசையில் சந்தனம் தடவிக் கும்பிட்டு, அவிழ்க்காமலே மேலே வைத்துவிடுகிறீர்கள். உள்ளே செல்லுப்பூச்சி தின்றுகொண்டிருக்கிறது. அருள்கூர்ந்து கட்டை அவிழுங்கள். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள், ஏடு ஏடாகப் படமெடுக்கச் சொல்லுங்கள், சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்காவது தெரிவியுங்கள். உள்ளே வெறும் நிலக்கணக்கு இருந்தாலும் இருக்கட்டும்.